பாமினி, திஸ்கி, டாப்: 1996–2004 கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவருவது எப்படி? இத்தனை குறியாக்கம் ஏன் வந்தது?

ஏடகம் எழுதியது:

வணக்கம். ஒரு சிறுபத்திரிகையின் 1996 முதல் 2004 வரையான கணினிக் கோப்புகளை யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான குறியெண் தரம்) மாற்றி எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும். கையில் இருப்பவை: 3.5 அங்குல ஃப்ளாப்பி 60, குறுந்தகடு 9. உள்ளே பேஜ்மேக்கர் 6.5 கோப்புகள், வேர்டு கோப்புகள், எழுத்துரு விவரம் எதுவும் இல்லாத வெறும் உரைக் கோப்புகள். சிலவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. சிலவற்றில் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

மாற்றிகளில் போட்டுப் பார்த்ததில் மூன்று சிக்கல். "ஆசிரியர்" என்பது பார்வைக்குச் சரியாக வருகிறது, ஆனால் தேடினால் அகப்படுவதில்லை. "கௌரவம்" சில இடங்களில் "கெளரவம்" ஆகிவிடுகிறது. சில பக்கங்களில் "இந்த" என்ற சொல் "ந்த" என்று தலையில்லாமல் நிற்கிறது.

தொகுப்புக்கு ஒரு முன்னுரையும் எழுத வேண்டும். ஒரே மொழிக்கு இத்தனை குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) எப்படி வந்தது, அதனால் நேர்ந்தது என்ன என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

—

வட்டுக்கலன் எழுதியது:

முதலில் வட்டிலிருந்து தரவை வெளியே எடுங்கள், குறியாக்கத்தைப் பிறகு பார்க்கலாம். ஃப்ளாப்பியை டிரைவில் போடும் முன் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். 3.5 அங்குல வட்டில் துளை திறந்திருந்தால்தான் எழுதுதடை. பழைய 5.25 அங்குல வட்டில் இது தலைகீழ்: அங்கே வெட்டை மூடினால்தான் தடை. பழகிய கை இதில் தவறுவதுண்டு.

கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள். முழு வட்டையும் ஒரே படிமமாக எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்னும் தரவு மீட்புக் கருவி போதும். துண்டின் அளவு 512 பைட், மறுமுயற்சி 3, வரைபடக் கோப்பு (எந்தத் துண்டு படித்தது, எது விடுபட்டது என்ற பதிவு) கட்டாயம். 1.44 எம்பி வட்டில் 2,880 துண்டுகள், அதாவது 14,74,560 பைட். படிமத்தின் அளவு அதைவிடக் குறைந்தால் வட்டு முழுதாகப் படிக்கப்படவில்லை என்று அர்த்தம். மூன்று முயற்சிக்கு மேல் போகாதீர்கள். பூஞ்சை பிடித்த வட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் காந்தப்பூச்சு உரிந்து டிரைவின் தலையில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல வட்டையும் அது கீறிவிடும். ஐந்தாறு வட்டுக்கு ஒருமுறை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தலையைத் துடையுங்கள். ஒரு டிரைவில் படிக்காத வட்டு இன்னொன்றில் படிக்கும், ஏனென்றால் தலைகளின் இருப்பு டிரைவுக்கு டிரைவு மயிரிழை விலகியிருக்கும். வரைபடக் கோப்பை வைத்திருந்தால் இரண்டாவது டிரைவில் விடுபட்ட துண்டுகளை மட்டும் படிக்கச் சொல்லலாம்.

பேஜ்மேக்கர் 6.5 கோப்பை இன்டிசைன் சிஎஸ்6 திறக்கும். அதற்குப் பிந்தைய பதிப்புகளை நம்ப வேண்டாம். திறந்ததும் ஒவ்வொரு கட்டுரையையும் ஆர்டிஎஃப் ஆக வெளியேற்றுங்கள், வெறும் உரையாக ஒருபோதும் வேண்டாம். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் ஆர்டிஎஃப்பில்தான் மிஞ்சும். அது போய்விட்டால் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழுக்கும் நிஜ ஆங்கிலத்துக்கும் நடுவே கோடு கிழிக்க வழியே இல்லை.

வட்டில் எழுத்துருக் கோப்புகள் கிடந்தால் அவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பெயர் தெரியாத குறியாக்கத்துக்கு அதுதான் அகராதி. 32 முதல் 255 வரை 224 இடங்களிலும் என்ன வடிவம் இருக்கிறது என்று ஃபான்ட்ஃபோர்ஜ் என்னும் எழுத்துரு நிரலில் திறந்து பார்த்துப் பட்டியல் எழுதிவிடலாம்.

—

குறியெண் எழுதியது:

எது எது என்று அடையாளம் காண்பது எளிது. 127க்கு மேற்பட்ட பைட்டே இல்லாமல், அரைப்புள்ளி மட்டும் அள்ளித் தெளித்தாற்போல இருந்தால் பெரும்பாலும் பாமினி. அதில் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி. "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் "பெரிது" என்னும் கணிதக்குறி நிற்கும், ஏனென்றால் காற்புள்ளி விசையை "இ" எடுத்துக்கொண்டது. 128க்கு மேற்பட்ட பைட் நிறைய இருந்தால் திஸ்கி, டாப், டாம் அல்லது ஏதோ ஒரு நிறுவனத்தின் சொந்தக் குறியாக்கம். ஒரு பத்தியை எடுத்து ஒவ்வொரு அட்டவணையிலும் ஓட்டி "ஒரு", "என்று", "அவர்" என்ற சொற்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணுங்கள். சரியான அட்டவணை உடனே தெரிந்துவிடும். ஓப்பன் தமிழ் பைத்தான் நிரலகத்தில் இதற்கான அட்டவணைகள் தயாராக இருக்கின்றன. விண்டோஸில் என்எச்எம் கன்வெர்ட்டரும் இவற்றைக் கையாளும்.

128க்கு மேற்பட்ட கோப்பை நிரலில் திறக்கும்போது லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம்) என்று சொல்லித் திறங்கள். விண்டோஸ்-1252 என்று திறந்தால் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு அதில் எழுத்தே கிடையாது. சில நிரல்கள் அங்கே கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிடும், போனது போனதுதான்.

இனி "ஆசிரியர்". பழைய தட்டச்சு வழக்கத்தில் ர் என்பது கால் (ா) போட்டு மேலே புள்ளி வைப்பது, ரி என்பது கால் போட்டு விசிறி (ி) வைப்பது. பாமினியும் அப்படியே: எச் விசை தனியாக வந்தால் கால், எச்சுடன் அரைப்புள்ளி வந்தால் ர், எச்சுடன் பி வந்தால் ரி. மாற்றி ஒவ்வோர் எழுத்தாக மாற்றினால் காலும் புள்ளியும் தனித்தனியே வந்து "ஆசிரியா்" ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கோ ஒன்றில் ர (2992), மற்றதில் கால் (3006). ஆகவே அட்டவணையில் நீளமான கோவை முதலில் வர வேண்டும். ஏற்கெனவே மாறிப்போன கோப்பில் பெரும்பாலும் மூன்று மாற்றுகள் போதும்: "ா்" எல்லாம் "ர்", "ாி" எல்லாம் "ரி", "ாீ" எல்லாம் "ரீ". காலுக்குப் பின் புள்ளியோ விசிறியோ தமிழில் வர இடமே இல்லை, எனவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். இந்தப் பிழை பழைய கோப்போடு நின்றுவிடவில்லை. இன்றைய அறிவிப்புகளிலும் செய்திகளிலும் "மாவட்ட ஆட்சியா்" தினமும் வருகிறது, "ஆட்சியர்" என்று தேடுபவருக்கு அவை கிடைப்பதில்லை.

அடுத்தது கொம்பு. இந்தப் பழைய குறியாக்கங்கள் எல்லாமே கண்ணால் பார்க்கும் வரிசையில் சேமிப்பவை: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலியின் வரிசை: முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஆகவே மாற்றும் ஒழுங்கு இதுதான். காலும் புள்ளியும், காலும் விசிறியும் சேர்ந்தவற்றை முதலில் ர், ரி, ரீ ஆக்குங்கள், இல்லையென்றால் "பெரிய" "பொிய" ஆகிவிடும். பிறகு கொம்பு, மெய், கால் மூன்றும் சேர்ந்த கோவையைப் பிடித்து ஒகர, ஓகாரமாக்குங்கள். அடுத்து கொம்பு, மெய் இரண்டும், ஐகாரக் குறியும் மெய்யும். தனியெழுத்துகள் கடைசியில். முடிந்ததும் என்எஃப்சி இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியெண் வடிவங்களை ஒன்றாக்குவது) செய்துவிடுங்கள். எகரக் குறி (3014), கால் (3006) என்று இரண்டாகக் கிடப்பதும் ஒகரக் குறி (3018) என்று ஒன்றாகக் கிடப்பதும் யூனிகோடில் சமம் என்றாலும், எல்லாத் தேடுபொறியும் அப்படிப் பார்ப்பதில்லை.

ஆர்டிஎஃப் கோப்பின் மேல் நேரடியாக மாற்றியை ஓட்டாதீர்கள். பின்சாய்கோடும் நெளிவு அடைப்புக்குறியும் அந்த வடிவத்தின் கட்டளைக் குறிகள். ஓடிடி அல்லது டாக்எக்ஸ் ஆக மாற்றிக்கொண்டு, எழுத்துருவின் பெயர் பாமினி என்றிருக்கும் துண்டுகளில் மட்டும் ஓட்டுங்கள்.

"கெளரவம்" சிக்கலுக்கு விதி உண்டு. கொம்பு, மெய், ள என்று வந்து, அந்த ளகரத்துக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ள: வெள்ளம், தெளிவு. ஒன்றும் இல்லாமல் வெறும் ள நின்றால் ஔகாரம்: கௌரவம், மௌனம், வௌவால். அப்படியே மாற்றிவிடலாம்.

—

மெய்ப்புநோக்கி எழுதியது:

குறியெண் சொன்ன கடைசி விதியை மட்டும் ஏற்க முடியவில்லை. சிறுபத்திரிகை என்கிறார், அப்படியானால் வட்டார வழக்குக் கதைகள் கட்டாயம் இருக்கும். "கெளம்பிட்டான்", "வெளயாட்டு", "வெளக்கு", இவற்றில் எல்லாம் வெறும் ள தான் நிற்கிறது. உங்கள் விதியை ஓட்டினால் "கௌம்பிட்டான்", "வௌயாட்டு" என்று கதை முழுக்கச் சிதையும். எழுத்தாளன் காதால் கேட்டு எழுதிய சொல்லை நிரல் திருத்தக் கூடாது. ஔகாரம் வரும் சொற்கள் தமிழில் மிகக் குறைவு: கௌரவம், கௌதமன், சௌகரியம், பௌர்ணமி, பௌத்தம், மௌனம், யௌவனம், வௌவால், ஔவை, ஔடதம், இன்னும் கொஞ்சம். நூறு சொல்லுக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு அவற்றில் மட்டும் மாற்றுங்கள். மீதியைக் கண்ணால் பாருங்கள்.

இதைவிடக் கள்ளமான ஒன்று இருக்கிறது. பாமினியில் சிறிய எஃப் க, பெரிய எஃப் கு. சிறிய ஜி ப, பெரிய ஜி பு. சிறிய கே ம, பெரிய கே மு. அன்றைக்கு வேர்டில் தட்டச்சியபோது, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தம் அணைக்கப்படாமல் இருந்திருந்தால், முற்றுப்புள்ளிக்கு அடுத்து வரும் "கடல்" "குடல்" ஆகிவிடும். "படம்" "புடம்" ஆகும். "மகம்" "முகம்" ஆகும். எல்லாம் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி வாய் திறக்காது. வாக்கியத்தின் முதல் சொல் உகர உயிர்மெய்யில் தொடங்கும் இடங்களை மட்டும் தனியே பட்டியல் எடுத்து, அச்சு இதழோடு ஒப்பிடுங்கள். மூலக் கோப்பில் அந்த எழுத்து பெரியதாகத்தான் இருக்கும். உண்மையான கு-வா, வேர்டு போட்ட கு-வா என்று கோப்பு சொல்லாது, இதழ்தான் சொல்லும்.

"ஸ்ரீ" வேறு இரண்டு வகையில் வரும்: ஸகரத்தோடு ஒன்று, 2005இல் யூனிகோடு 4.1 சேர்த்த ஶகரத்தோடு ஒன்று. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், தொகுப்பு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ் எண் ௧ க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும் தெரிவதால் அவை ஒன்றன் இடத்தில் ஒன்று புகுந்திருக்கும். சொல்லின் நடுவில் தமிழ் எண் இருக்கிறதா என்று ஒரு தேடல் போதும்.

—

பழையஅச்சு எழுதியது:

முன்னுரைக்குரிய பகுதியைச் சொல்கிறேன்.

தரமே இல்லாததால் இத்தனை குறியாக்கம் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. இந்தியத் தரமான இஸ்கி 1988இல் வந்து, 1991இல் திருத்தமும் பெற்றது. யூனிகோடின் முதல் பதிப்பு 1991 அக்டோபரில் வெளிவந்தபோதே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம் ஒதுக்கியிருந்தது. 1988ஆம் ஆண்டு இஸ்கியின் வரிசையைத் தழுவிய ஒதுக்கீடு அது. தரம் இருந்தது, அதைத் திரையில் வரையும் எந்திரம்தான் மேசையில் இல்லை. ககரத்துக்குப் பின்னால் சேமித்த கொம்பை முன்னால் கொண்டுபோய் வரைய இயங்குதளத்துக்குத் தெரிய வேண்டும். விண்டோஸ் 95க்கு அது தெரியாது. இஸ்கியைப் பயன்படுத்த புனே சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டை போன்ற தனி ஏற்பாடு தேவைப்பட்டது. அச்சகமோ பத்திரிகை அலுவலகமோ அதற்குக் காத்திருக்க முடியாது.

எழுத்துருவை ஏமாற்று வழியாகப் பயன்படுத்துவதற்கு எதுவும் தேவையில்லை. ஆங்கில எழுத்தின் படத்தை அழித்து அந்த இடத்தில் தமிழ்ப் படத்தை வரைந்தால் போதும். கணினி ஆங்கிலம் என்றே நினைத்துக்கொள்ளும், தாளில் தமிழ் விழும். தட்டச்சு கற்றவர்களின் விரல் பழக்கமும் கெடவில்லை, ஏனென்றால் பாமினியின் விசை அமைப்பு தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஒட்டியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் பத்திரிகைகளிலும் பாமினி பரவியது இதனால்தான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் படவரிசையில் எழுத்துரு விற்றது. அச்சுக்கு மட்டும் என்றால் இதில் குற்றமே சொல்ல முடியாது. தாளில் ஏறிய பிறகு குறியெண் யாருக்கு வேண்டும்?

சிக்கல் இணையத்தோடு வந்தது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் வலையேறியது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என்று ஒவ்வொரு மூலையிலும் ஒன்று. அனுப்புபவரிடம் உள்ள எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால் மடல் குப்பையாக வந்து சேரும். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ்நெட் மாநாடுகள் இதைத் தீர்ப்பதற்காகக் கூட்டப்பட்டவை. சென்னை மாநாட்டையடுத்துத் தமிழ்நாடு அரசு டாப், டாம் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. மடலாடற்குழுவில் கூடிய தன்னார்வலர்கள் வகுத்த திஸ்கி இன்னொரு பக்கம் வளர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாறியது. ஒன்றாக வேண்டிய இடத்தில் மூன்றானது என் கண்ணுக்கு வருத்தமான செய்தி. ஆனால் தமிழ்99 என்றும் வாழும் நன்மை: உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், 31 விசையில் 247 எழுத்தும்.

விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழை மேசைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிலை மாறியது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுக்க யூனிகோடில் எழுந்தது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்னும் 16-பிட் தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது.

சமூகத்தில் என்ன நேர்ந்தது என்றால், முதலாவது, பத்தாண்டுக் கால எழுத்து தேடுபொறியின் கண்ணில் படாமல் போனது. 1890இல் அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து இன்று படிக்கலாம், 1998இல் வலையில் வந்த கவிதை வட்டில் அப்படியே இருந்தும் எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாது. இரண்டாவது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கம். அதைச் சோம்பல் என்று திட்டுபவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தானால் 160, யூனிகோடு தமிழானால் 70 குறியெண். அதிலும் "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து குறியெண் போகும். செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலத்தில், பல கைபேசிகளில் தமிழ் எழுத்தே தெரியாத நிலையில், "நல்லா இருக்கியா" என்பதை ஆங்கில எழுத்தில்தான் அனுப்ப முடிந்தது. பழக்கம் அங்கேதான் ஊன்றியது.

—

ஏடகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஔகாரத்துக்குப் பட்டியல் முறையே எடுத்துக்கொள்கிறேன், இதழ்களில் வட்டாரக் கதைகள் நிறைய உண்டு. "ந்த" மட்டும் மிச்சம். அவை பத்திரிகையின் பழைய வலைப்பக்கங்கள், உலாவியில் திறந்து நகலெடுத்தவை. ஒன்றிரண்டு பக்கங்களில் நகலெடுத்தால் வெறும் கட்டங்களாக வருகிறது.

—

குறியெண் எழுதியது:

மெய்ப்புநோக்கி சொன்னது சரி, வட்டார வழக்கை நான் கணக்கில் எடுக்கவில்லை. பட்டியல்தான் பாதுகாப்பு.

"ந்த"வுக்குக் காரணம் திஸ்கியில் "இ" இருந்த இடம். அது 173. லத்தீன்-1இல் அந்த இடம் மறைகோடு: சொல்லை வரி முடிவில் உடைக்க வேண்டியிருந்தால் மட்டும் தெரியும், மற்ற நேரம் மறைந்துவிடும். உலாவிகள் "இ"யை மறைகோடு என்று நினைத்து விழுங்கின. இதற்காகவே பிறகு திஸ்கி 1.7இல் "இ"க்கு 254ஆம் இடமும் தரப்பட்டது. ஆகவே உங்கள் மாற்றி 173, 254 இரண்டையும் "இ" ஆக்க வேண்டும். முக்கியமாக, திரையிலிருந்து நகலெடுக்காதீர்கள். பக்கத்தின் மூலக் கோப்பை டபிள்யூகெட் போன்ற கருவியால் பைட் மாறாமல் இறக்குங்கள். மூலத்தில் 173 பத்திரமாக இருக்கும்.

மூலம் எங்கேயும் கிடைக்காத பக்கங்களில் சொல்லமைப்பே உதவும். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்காது. "ஸ்ரீ" போன்ற வேற்றுமொழிச் சொற்களை ஒதுக்கிவிட்டால், சொல்லின் முதலெழுத்துக்கு அடுத்துப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அங்கே "இ" விழுந்திருக்கிறது: ந்த, ல்லை, ப்படி, ன்று. "ருந்தது", "ரண்டு" போன்றவற்றுக்கு ரகரத்தில் தொடங்கும் சொற்களைத் தனியே எடுத்துப் பாருங்கள், "ரயில்", "ரத்தம்" போன்றவற்றை ஒதுக்கிவிட்டு. "இது" "து" ஆகி நிற்பதை ஓரெழுத்துச் சொற்களின் பட்டியலில் பிடிக்கலாம். "இவர்" "வர்" ஆனதும் "இவன்" "வன்" ஆனதும் அகராதி ஒப்பீட்டில்தான் சிக்கும்.

கட்டங்கள் வேறு கதை. அந்தப் பக்கங்கள் "பயனர் வரையறுத்த குறியாக்கம்" என்று தலைப்பில் அறிவித்திருக்கும். இன்றைய உலாவிகள் அப்படி அறிவித்த பக்கத்தின் 128–255 பைட்டுகளை யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்கு, 63360 முதல் 63487 வரை, நகர்த்திக் காட்டுகின்றன. தரவு போகவில்லை. ஒவ்வொரு குறியெண்ணிலிருந்தும் 63232ஐக் கழித்தால் பழைய பைட் அப்படியே கிடைக்கும். பிறகு திஸ்கி அட்டவணையில் ஓட்டுங்கள்.

—

வட்டுக்கலன் எழுதியது:

ஒன்றை மறக்க வேண்டாம். மாற்றிய உரையை வெளியிடும்போது வட்டுப் படிமம், அதிலிருந்து எடுத்த மூலக் கோப்பு, எழுத்துரு, நீங்கள் பயன்படுத்திய அட்டவணை நான்கையும் ஒரே உறையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஷா-256 (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) கணக்கிட்டு ஒரு உரைக்கோப்பில் எழுதுங்கள். ஒரு வட்டுக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று எம்பி, 60 வட்டுக்கு 200 எம்பிக்குள் அடங்கும். அட்டவணையில் ஒரு பிழை பிறகு தெரியவந்தால் மூலத்திலிருந்து மறுபடி ஓட்டினால் போதும். படிக்காமல் போன வட்டின் இதழுக்கு அச்சுப் பிரதியை 300 டிபிஐ சாம்பல்நிறத்தில் ஸ்கேன் செய்து டெசராக்ட் என்னும் எழுத்துணரியில் தமிழ்த் தரவோடு ஓட்டுங்கள். அங்கேயும் ர, கால் இரண்டும் மாறி வரும், குறியெண் சொன்ன அதே மூன்று மாற்றுகளை முதலில் போடுங்கள்.